முதுமையில் உயிர் கசப்பதேன்?

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு எண்களைப் பார்ப்பதே தொழில். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலைக் கணக்கையும் அவ்வழக்கத்தினாலேயே புரட்டினோம். 2022ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் இலட்சம் பேருக்கு 12.4 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். நாம் பிழைக்க வந்த கேரளத்திலோ அது 28.5. இங்கு 2015இல் 21.6 வரை தாழ்ந்திருந்த விகிதம் மீண்டும் ஏறியிருக்கிறது.

மொத்தக் கணக்கில் இளையோரே மிகுதியாதலின் முதியோர் நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆயினும் உலகின் பெரும்பாலான பகுதிகளில் எழுபது கடந்தோரிடையேதான் விகிதம் உயர்ந்து நிற்கிறது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரள மக்களில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது கடந்தவர். இந்திய மாநிலங்களில் இதுவே மிகுதி.

இதனை ஊழ்வினை என்று தள்ளிவிடுதல் நமக்கு உடன்பாடன்று. இலங்கையில் 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தைத் தொட்ட விகிதம், கொடிய பூச்சிமருந்துகளின் விற்பனையைப் படிப்படியாகத் தடுத்தபின், இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

அன்னையார் மறைந்தபின் நம் தந்தையாரை மட்டாஞ்சேரிக்கு அழைத்து வந்தோம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிய வாய்; இங்கே மலையாளம் வராது. மிளகுக் கிடங்கின் மேலுள்ள மாடியறையில் பகல் முழுதும் தனித்திருந்தார். உணவு குறைந்தது, உறக்கம் கெட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். "தம்பி, நான் இருந்து உங்களுக்கு இடைஞ்சல்தானே" என்றார் ஒருநாள். வயதானவர் பேசும் பேச்சுத்தானே என்றனர் அண்டை வீட்டார். நாம் அருகில் அமர்ந்து, "அப்பா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டோம். அவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுவர். ஆராய்ந்தோர் அதனை மறுக்கின்றனர். நெடுநேரம் சுவரையே பார்த்திருந்தவர், "இராத்திரியில் தோன்றும்" என்றார்.

மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று, நோய். மருந்துக்கு அடங்கும் என்றார் அவர். சில மாதங்களில் உறக்கம் திரும்பிற்று. இப்பொழுது காலைதோறும் ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள சலவைத்துறைக்கு நடந்து சென்று, அங்குள்ள நம் தமிழரோடு மழையையும் விலைவாசியையும் பேசித் திரும்புகிறார். குணப்படுத்தியது மருந்தா பேச்சா என நாம் பிரித்தறியோம்.

பேச்சின் வலிமைக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் 1988 முதல் 1998 வரை 18,641 முதியோரை வாரம் இருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தனர். ஏறத்தாழ 21 பேர் தம்மை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று மதிப்பிட்ட இடத்தில், அவ்வாறு இறந்தோர் 6 பேரே. பெண்களிடம் இப்பயன் தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் அத்துணையில்லை. ஆண்கள் எங்கும் வாய் திறப்பது அரிது போலும்!

டெலி மானஸ் என்னும் அரசுப் பணியின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நம் சங்கத்தாரும் ஒரு பேரேடு திறந்து, மாடியறைகளில் தனித்திருக்கும் நம் பெரியோர் பெயர்களையும், அவர்களை அழைப்போர் முறையையும் எழுதிவைக்க வேண்டுகிறோம். செவ்வாய், வெள்ளி மாலைகளில் நமக்கு ஓய்வுண்டு.