காலைப் புகை

சற்று நீண்ட பதிவு. கார் வைத்திருப்பவர்களும் பழைய கார் வாங்க நினைப்பவர்களும் கடைசி வரை வாசித்துவிடுங்கள். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது.

2013-இல் வாங்கிய சிறிய டீசல் கார் என்னுடையது. டர்போ உள்ள இன்ஜின். பத்து வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் தந்ததில்லை. போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, என்னங்க இப்படிப் புகையுது!" என்று சத்தம் போட்டாள். இறங்கிப் பார்த்தால் தெரு பாதி நீலப் புகை. ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அன்று முழுக்க வண்டி ஒழுங்காக ஓடியது. மறுநாள் காலையும் அதே கதை.

ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். அங்கே போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகிவிட்டதால் புகை வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பானட்டைக்கூடத் திறக்காமல், "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும். 65,000 ஆகும்" என்றார்கள்.

ஓய்வூதியக்காரனுக்கு அது பெரிய தொகை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். தரகர் ஒரு யோசனை சொன்னார்: "ஆள் வர்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து நிறுத்திடுங்க சார். சூடான வண்டி புகையாது."

வெட்கத்தோடு எழுதுகிறேன், அப்படியே செய்தேன். வந்தவர் அடுத்த தெருத் தம்பி. அவருடைய அம்மாவை வாரம் இரண்டு முறை விடியற்காலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்காகத்தான் கார். ஸ்டார்ட் செய்தேன், துளிப் புகை இல்லை. "வாத்தியார் வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் சார்" என்று 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன். "விடையை மட்டும் எழுதாதே, படிநிலைகளைக் காட்டு" என்று எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்! ஒரு படிநிலையும் காட்டாத விடையை நம்பி நானே ஒரு பொய்யைச் செய்திருக்கிறேன்.

மறுநாள், பக்கத்து ஊரில் டீசல் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவனைத் தேடிப் போனேன். அவன் சொன்ன முதல் வார்த்தை: "வண்டிய ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க சார். காலைல குளிர்ந்த இன்ஜினை நான்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

காலையில் நானும் போய் நின்றேன். அவன் எனக்குப் பாடம் நடத்தினான்.

முதலில் நிறம். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: அடைத்த ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ ஹோஸ் போன்றவை. வெள்ளை என்றால் மூன்று வகை. வெறும் நீராவி சைலன்சரைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். கூலண்ட் எரிந்தால் இனிப்பு வாடை வரும், தொட்டியில் அளவு குறையும். எரியாத டீசல் என்றால் கண் எரியும். குளிரில் க்ளோ ப்ளக் வேலை செய்யாவிட்டால் இப்படி வரும். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

கூலண்ட் அளவு சரியாக இருந்தது. மல்டிமீட்டர் வைத்து நான்கு க்ளோ ப்ளக்கையும் பார்த்தான். எல்லாம் நன்றாக இருந்தன. சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்தான். எண்ணெய்ப் பொட்டுகள். ஆக, ஆயில்தான்.

ஆயில் எந்த வழியாகப் போகிறது? வண்டி இழுக்கும்போதும் தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் மட்டும் புகைந்து அடங்கினால், இரவில் வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கலாம், அல்லது டர்போவில் கசிந்து தேங்கியிருக்கலாம்.

டர்போவுக்கு வரும் காற்றுக் குழாயைக் கழற்றி, அதன் தண்டை விரலால் அசைத்துக் காட்டினான். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம். "இது இருக்கணும் சார், ஓடும்போது ஆயில் படலத்துல மிதக்கிற தண்டு. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும்." முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை. இறக்கைகள் எங்கும் உரசவில்லை. டர்போ நன்றாக இருந்தது.

பிறகு ஆயில் டிப்ஸ்டிக்கை உருவினான். மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு ஆயில்! கடைசி சர்வீஸில் அளவு பார்க்காமல் ஊற்றியிருக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தளர்த்தினான். மூடி துள்ளியது. பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே கரிக்குழம்பு.

இங்கேதான் இயற்பியல். டர்போ சீல் ரப்பர் அல்ல, மெல்லிய உலோக வளையம். உள்ளே வந்த ஆயில் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். பிரீதர் அடைத்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினால் வடிகால் தடைப்படும். ஆயில் சீலைத் தாண்டிப் புகைப்பாதையில் இறங்கித் தேங்கும். மறுநாள் காலை அதுதான் புகையாகிறது. புது டர்போ போட்டிருந்தாலும் அதுவும் புகைந்திருக்கும்!

பிரீதரைச் சுத்தம் செய்து, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினான். 3,400 ரூபாய். சைலன்சரில் தங்கிய ஆயில் எரிந்து தீரும் வரை சில நாள் புகைந்தது. பிறகு காலையில் ஒரு சிறு மூச்சு மட்டும். "அது வால்வு சீலா இருக்கும் சார். இப்ப அவசரமில்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறையுதுன்னு குறிச்சு வைங்க" என்றான்.

அந்தத் தம்பியைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். குளிர்ந்த பானட்டைத் தொடச் சொல்லி, அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அந்தச் சிறு புகையைக் காட்டி, அன்று நான் செய்ததையும் சொல்லி, முன்பணத்தை நீட்டினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு பானட் சூடா இருந்தத நானும் கவனிச்சேன் சார். நீங்க கடைக்குப் போயிட்டு வந்திருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த வார்த்தை எந்தத் திட்டையும்விட வலித்தது. பணத்தை வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் தன் மெக்கானிக்கோடு வந்தார். வால்வு சீல் செலவுக்காக 15,000 குறைத்துக் கேட்டார். மறுபேச்சில்லாமல் குறைத்தேன்.

நண்பர்களே, பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் யாராக இருந்தாலும் இன்னொரு நாள் காலையில் போங்கள். டர்போ வண்டி வைத்திருப்பவர்கள், நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சர்வீஸ் முடிந்ததும் டிப்ஸ்டிக்கை நீங்களே பாருங்கள். பெரிய செலவு சொன்னால் "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

இப்போதும் விடியற்காலையில் அந்த வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. கோலத்திலிருந்து நிமிர்ந்து என் மனைவி சைலன்சரைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். பின் சீட்டில் இருந்து அந்த அம்மா கையசைப்பார்.