எழுபது கிராம்

திட்டக்குடி பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை. வாசலில் நான்கு ஃபிரிட்ஜ்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. சித்திரை மாதம், காலை ஒன்பது மணிக்கே வெள்ளாற்று மணல் பக்கமிருந்து அனல் வீசுகிறது. நான் போனபோது மெக்கானிக் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ஃபிரிட்ஜின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருடமாக இதே தொழில். பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை பழக வந்திருக்கும் ஒரு பையன்.

ஒரு கேள்வியோடுதான் அங்கே போயிருந்தேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் யாரோ வந்தார், அரை மணி நேரத்தில் ஏற்றினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். சில மாதங்களில் பால் மறுபடி திரிந்தது. ஏன் இப்படி என்று அண்ணனிடம் கேட்டேன்.

“கேஸ் என்னா பெட்ரோலா சார், ஓட ஓடத் தீந்துபோறதுக்கு? கம்பெனியில போட்ட கேஸ் இருபது வருசம் ஆனாலும் அப்படியே இருக்கணும். கொறஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டைய அடைக்காம கேஸ் ஏத்துறது, ஒழுகுற பானையில தண்ணி ஊத்துற கதைதான்.”

மூன்று முறை பணம் கொடுத்த எனக்கு அன்றுதான் இது தெரிந்தது. ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மூடிய சுற்று. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. பின்பக்கக் கண்டன்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் ஊசித்துளை போன்ற கேபிலரி குழாயில் நெருக்கிக்கொண்டு போய், அழுத்தம் குறைந்த கூலிங் காயிலில் விழுந்ததும் கொதிக்கிறது. ஆர்134ஏ என்ற வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தேவையான சூட்டை உள்ளே இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. நாம் குளிர் என்று சொல்வது இந்தக் கொதிப்பைத்தான். கொதித்த வாயு மறுபடி கம்ப்ரசருக்கு வருகிறது. இந்தச் சுற்றில் எதுவும் எரிவதில்லை, செலவாவதுமில்லை.

அன்று பழுதுக்கு வந்திருந்தது ஒரு ஜூஸ் கடையின் ஃபிரிட்ஜ். அதன் தகட்டில் ஆர்134ஏ, 120 கிராம் என்று அச்சிட்டிருந்தது. மிச்சமிருக்கும் கேஸைப் பிடிப்பது முதல் வேலை. கம்ப்ரசரின் சார்ஜிங் குழாயில் ஒரு வால்வைக் கவ்வவைத்து, அங்கிருந்து ஹோஸை ரெக்கவரி மெஷினுக்கும், மெஷினிலிருந்து சிலிண்டருக்கும் கொடுத்தார். சிலிண்டர் டிஜிட்டல் தராசின் மேல் நின்றது. மெஷின் ஓட, தராசில் எண் ஏறிக்கொண்டே வந்தது. பத்து, முப்பது, ஐம்பது. எழுபதில் நின்றது.

“தம்பி, எழுதிக்கோ. எழுவது கிராம்.”

பையன் எழுந்து சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு 70 என்று எழுதினான். அந்தச் சுவர் முழுக்க இப்படித்தான் எண்கள்.

குழாயை வெட்டி காற்றில் விட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இது. ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இருபது வருடம் தானும் அப்படித்தான் செய்ததாக அண்ணனே சொன்னார். நிறமில்லை, மணமில்லை, யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு கிராம் ஆர்134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்கும் அளவு, கரியமில வாயுவைப் போல சுமார் 1430 மடங்கு. அப்படிப் பார்த்தால் அந்த எழுபது கிராம் நூறு கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபிரிட்ஜில் அன்று ஓடிக்கொண்டிருந்த ஆர்12 போன்ற சி.எஃப்.சி. வாயுக்கள் வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோயிருப்பது வெளியே வந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2010 பிறந்தபோது சி.எஃப்.சி.க்கு இங்கே விடை கொடுத்தாயிற்று. அந்த இடத்துக்கு வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலி திருத்தம் வந்தது. 2021இல் இந்தியா அதை ஏற்றது. 2028இல் இத்தகைய வாயுக்களின் பயன்பாடு மேலும் ஏறாமல் உறைய வேண்டும், 2047க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். உலக நாடுகள் கூடிப் போட்ட இந்தக் கையெழுத்தெல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுபோன்ற தகரக் கூரைதான். மெக்கானிக் ஹோஸை மாட்டினால் ஒப்பந்தம் நிறைவேறும், மாட்டாவிட்டால் இல்லை.

அடுத்து ஓட்டையைத் தேடினார்கள். சுற்றுக்குள் நைட்ரஜனை அழுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவினான் பையன். ஈரத்தை உறிஞ்சும் டிரையரை ஒட்டிய பற்றவைப்பில் ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்து உடைந்தது. “ஆக்சிஜன மட்டும் உள்ள விட்டுடாதடா. உள்ள எண்ணெய் இருக்கு. ரெண்டும் சேந்தா வெடிச்சிடும்” என்றார் அண்ணன். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், நைட்ரஜனைப் போய் வாங்கி வரவேண்டும். அந்தச் சோம்பலில் உயிர் போகும் தொழில் இது. பழைய டிரையரை வெட்டி எடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைத்தபோதும் குழாய்க்குள் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் செம்பின் உட்புறம் ஆக்சைடாகிக் கறுத்து, அந்தக் கறுப்புச் செதில் பிறகு உதிர்ந்து கேபிலரியை அடைத்துவிடும்.

பிறகு வேக்கம். இந்தத் தொழிலின் மானம் இதில்தான் இருக்கிறது என்பேன். பம்பைப் போட்டுவிட்டு அண்ணன் டீ சொன்னார். முக்கால் மணி நேரம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பம்பின் இரைச்சல் மட்டும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுப்பது எளிது. ஈரத்தை எடுப்பதுதான் பாடு. ஆர்134ஏ ஓடும் கம்ப்ரசரின் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் வகை. அந்த ஈரம் உள்ளே தங்கினால் கேபிலரியின் வாயில் பனியாக உறைந்து அடைக்கும். ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் குளிரும், நின்றுபோகும், பனி உருகியதும் மறுபடி குளிரும். வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடிக்கும். நாளடைவில் அந்த ஈரம் எண்ணெயை அமிலமாக்கி மோட்டாரின் சுருளையே அரித்துவிடும்.

தண்ணீரைக் குழாய்க்குள்ளிருந்து துடைத்தெடுக்க முடியாது, கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கினால் முப்பது டிகிரி வெக்கையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். பம்ப் செய்வது அதைத்தான்: அடுப்பில்லாமல் கொதிக்கவைக்கிறது. எண்ணெயில் ஊறிய ஈரமும் வரவேண்டும் என்பதால் இன்னும் கீழே, 500 மைக்ரான் வரை, அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்குகிறார்கள். சாதாரண கேஜ் முள் இதைக் காட்டாது. இதற்கென்றே ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறார் அண்ணன். 480 வந்ததும் வால்வை மூடி, பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் மீட்டரையே பார்த்திருந்தார்.

“எண்ணு ஏறிக்கிட்டே போனா ஓட்டை. கொஞ்சம் ஏறி நின்னுட்டா ஈரம். அசையாம இருந்துச்சுன்னா நம்ம வேலை சுத்தம்.”

எண் அசையவில்லை. புதிய சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் சொன்ன 120 கிராமை எடைபோட்டு ஏற்றினார். கை உத்தேசத்தில் ஏற்றுவதில்லை. கூடினாலும் குறைந்தாலும் மின்சாரம் வீணாகும், கம்ப்ரசர் திணறும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். பூமிக்குக் கெடுதல் மிகக் குறைவு. ஆனால் சமையல் எரிவாயுவின் இனம், தீப்பற்றும். அதற்குச் சுமார் ஐம்பது கிராம்தான் பிடிக்கும் என்பதால் ஐந்து கிராம் தவறினாலும் குளிர் மாறிவிடும். அந்த ஃபிரிட்ஜுக்குப் பட்டறையின் வெளியே திறந்த வெளியில்தான் வேலை, பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது.

மதியம் அண்ணனின் டிவிஎஸ் வண்டியில் பக்கத்துக் கிராமத்துப் பால் சங்கத்துக்குப் போனோம். மடியிலிருந்து பால் முப்பத்தேழு டிகிரி சூட்டோடு வருகிறது; சீக்கிரம் நான்கு டிகிரிக்கு இறங்காவிட்டால் கெட்டுவிடும். பல்க் கூலர் தொட்டி அதற்குத்தான். அதில் ஆர்22, ஓசோனையும் அரிக்கும், பூமியையும் சூடாக்கும், 2030க்குள் ஏறக்குறைய முழுதும் விலக வேண்டிய வாயு. ஒரு நட்டில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும் என்பதால் கறைதான் முதல் சாட்சி.

இங்கே மெஷின் தேவைப்படவில்லை. திரவமான கேஸ் தங்கும் ரிசீவரின் வால்வை மூடிவிட்டு கம்ப்ரசரை ஓடவிட்டார். சுற்றிலிருந்த கேஸ் முழுதும் ரிசீவருக்குள் போய் அடைந்தது. பம்ப் டவுன் என்கிறார்கள். ஒரு வால்வைத் திருப்பத் தெரிந்தால் போதும், கிலோக்கணக்கான கேஸ் காற்றுக்குப் போகாமல் நிற்கும். நட்டைச் சரிசெய்து, அந்தப் பகுதிக்கு மட்டும் வேக்கம் போட்டபோது மணி மூன்றரை. சாயங்காலப் பாலோடு கேன்கள் வர ஆரம்பித்தன.

“அண்ணே, போதும் விடுண்ணே, பால் வந்துடுச்சி” என்றார் சங்கத்து ஆள்.

“இன்னும் பத்து நிமிசம்ண்ணே. இப்ப அவசரப்பட்டா நாளைக்கிப் பால் போயிடும்.”

அந்தப் பத்து நிமிடத்தைக் காத்துக் கொடுக்கும் துணிவைத்தான் நான் திறமை என்று சொல்வேன்.

திரும்பும் வழியில் போன மாசி மாதத்து இரவு ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோய் ஃபிரீசர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரில் விமானம் ஏறிவிட்டார், விடிந்தால்தான் வருவார். நள்ளிரவில் பெட்டி குளிரவில்லை. ஊர் ஊராகக் குட்டியானையில் குலுங்கிப் போகும் பெட்டி, குழாய் விரிசல் விட்டிருந்தது. “சுத்தி எல்லாரும் அழுவுறாங்க. நம்ம கைய பாக்கறாங்க. ஐஸ் கட்டி வாங்கிச் சுத்தி அடுக்கச் சொன்னேன். பத்தவச்சி, வேக்கம் போட்டேன். முழுசா போட்டேன் சார். அப்பவும் கொறைக்கல. குறைச்சி, நடுவுல மறுபடி நின்னுச்சுன்னா அந்தப் புள்ள அப்பன் மொகத்த எப்படிப் பாப்பான்?”

வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை இருவரும் பேசவில்லை.

மாலையில் பட்டறையில் அவருடைய பில்லைப் பார்த்தேன். டிரையர், கேஸ், கூலி. மூன்று வரி. பிடித்த கேஸுக்கும் வேக்கத்துக்கும் வரி இல்லை. போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மெஷின், மீட்டர், தராசு எல்லாம் அவர் கைக்காசு. பிடித்த கேஸை வாங்கிச் சுத்திகரிக்கும் இடம் பக்கத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. சிலிண்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பவும் கூடாது. வெயிலில் திரவம் விரியும், இடம் இல்லாவிட்டால் வெடிக்கும். 2019 மார்ச்சில் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதைப் பற்றிப் பேசுகிறது. நல்லது. அதோடு, நிரம்பிய சிலிண்டரைக் கொடுத்து வெற்றுச் சிலிண்டரை வாங்கிப் போக ஒவ்வொரு தாலுக்காவிலும் ஓர் இடம் வேண்டும். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கேஸ் ஏற்ற வருகிறவரிடம் ஓட்டை எங்கே, பழைய கேஸை என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் வேக்கம் என்று மூன்று கேள்வி கேட்போம். பதில் சொல்பவருக்கு அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்துக் கொடுப்போம்.

ஜூஸ் கடைக்காரர் வண்டியோடு வந்தார். “என்னாண்ணே, முழு நாளும் ஆக்கிட்டியே” என்று சலித்துக்கொண்டே பணத்தை எண்ணினார். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஃபிரிட்ஜை வண்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்.

பையன் அன்றைய கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தான். சுவரில் கீழே இடம் தீர்ந்துவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையை ஒட்டிய வெற்றிடத்தில் புதிய பத்தி ஒன்றைத் தொடங்க சாக்பீஸால் கோடு இழுத்தான்.