நேரம் யாருடையது?

குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ஞாயிறுதோறும் ஆண்கள் கால்பந்து ஆடுவார்கள். விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு அம்மாச்சி ஓரமாக நின்று பார்ப்பார். ஆஃப்சைடை நடுவருக்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தக் கிறுக்கு அம்மாவுக்கும் வந்தது. பள்ளி அணியில் ஆடினார். வயதுக்கு வந்ததும் ஊர் வாய்க்குப் பயந்து நிறுத்தியவரும் அம்மாச்சிதான்.

2018இல் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். செய்தியை வாசித்துக் காட்டியதும் அம்மாச்சி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையை யாரு செஞ்சா?"

ஆசை எங்களுக்கு வழிவழியாக வந்தது. நேரம் அப்படி வரவில்லை. இப்போது என் மகள் பயிற்சிக்குப் போகும் மாலைகளில் தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அவள் அண்ணன் வேலை. அம்மா போட்ட சட்டம் அது.