கதவு சரி, தெரு சரியில்லையோ?

பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் பற்று வரவு பார்க்கிறவன் நான். இதயத்தைப் பற்றியெல்லாம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. எழுத வைத்தவன் என் மருமகன், தாராவியில் இருக்கும் அக்காவின் பையன். 19 வயசு. போன மழைக்காலத்தில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவன் மைதானத்திலேயே மயங்கி விழுந்துவிட்டான்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். க்யூ.டி. இடைவெளி 490 மில்லிசெகண்ட். ஆண்களுக்கு 450க்குள் இருக்க வேண்டுமாம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதய செல்லின் தோலில் 'அயான் சேனல்' என்று குட்டிக் கதவுகள் இருக்கின்றன. சோடியம் கதவு திறந்தால் துடிப்பு கிளம்பும், உடனே அது மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியே போனால் செல் ஓய்வுக்குத் திரும்பும். இதில் தாமதம் ஆனால் இடைவெளி நீளும், துடிப்பு தாறுமாறாகலாம்.

மரபணு சோதனையும் செய்தோம். கதவுகளுக்கான முக்கிய மரபணுக்களில் குறை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கதவுல கோளாறு இல்லன்னா பெறவு எதுக்குல புள்ள விழுந்தான்?"

இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

செல்லின் தோல் கொழுப்பால் ஆன மெல்லிய படலம். அதில் புரதங்கள் கடலில் மிதப்பதுபோல மிதக்கின்றன என்று 1972ல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கொலஸ்டிராலும் வேறு சில கொழுப்புகளும் நெருக்கமாகச் சேர்ந்து சின்னத் தெப்பங்களாக மிதக்கின்றன என்றார்கள் சைமன்ஸும் இக்கோனனும், 1997ல். (நாம் திட்டித் தீர்க்கும் அதே கொலஸ்டிரால்தான்!) அடுத்த வருஷமே பெங்களூர் என்.சி.பி.எஸ்.ஸில் சத்யஜித் மேயர் குழு, சில புரதங்கள் 70 நானோமீட்டருக்கும் குறைவான திட்டுகளாகக் கூடியிருப்பதைக் காட்டியது. என்.சி.பி.எஸ். நம்ம கொலாபா டி.ஐ.எஃப்.ஆரின் கிளை.

பம்பாய்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன? இந்த ஜனக்கடலில் தாராவி ஒரு திட்டு, மாட்டுங்கா ஒரு திட்டு, நான் இருக்கும் செம்பூர் ஒரு திட்டு. வேலி கிடையாது, ஆட்கள் வருவார்கள் போவார்கள். ஆனாலும் ஊரிலிருந்து வந்திறங்கியவனுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தானே?

இதயக் கதவுகளும் அப்படித்தான். செல் தோலில் கேவியோலே என்று குடுவை மாதிரி குழிகள் உண்டு. அவற்றைத் தாங்கி நிற்பது கேவியோலின்-3 என்ற புரதம். சோடியம் கதவுகளில் சில அங்கேதான் குடியிருக்கின்றன. 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த நோய்க்காகச் சோதிக்கப்பட்ட 905 பேரில் 6 பேருக்கு கேவியோலின்-3 மரபணுவில் மாற்றம் இருந்தது. அந்த மாற்றத்தை ஆய்வகத்தில் செல்களில் வைத்துப் பார்த்தபோது, சோடியம் கதவு சரியாக மூடாமல் கசிந்தது. கதவில் குறையே இல்லை, தெருவில்தான் குறை!

'அப்போ இதுதான் காரணம்' என்று அக்காவுக்குப் போன் போடக் கிளம்பினேன். நல்லவேளை, மேலே படித்தேன். 2020ல் நிபுணர்கள் பழைய ஆதாரங்களைத் திரும்பவும் அலசி, கேவியோலின்-3 மாற்றத்தை இந்த நோய்க்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் குறைவு என்றுவிட்டார்கள். கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எந்த மரபணு என்றே பிடிபடுவதில்லை.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். "காரணம் தெரியலக்கா. ஆனா ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லங்கதுக்காக நோய் இல்லன்னு ஆயிராது. மாத்திரைய மட்டும் நிறுத்திராத."

தங்கச்சிக்கும் அத்தானுக்கும் இ.சி.ஜி. எடுத்தோம், இரண்டும் சரி. மருமகன் தினமும் பீட்டா பிளாக்கர் போடுகிறான். ஃபுட்பால் இப்போதைக்கு இல்லை, அந்த வருத்தம் அவனுக்குத் தீரவில்லை. எரித்ரோமைசின், டாம்பெரிடோன் மாதிரி சாதாரணமாகக் கிடைக்கும் மருந்துகள்கூட பொட்டாசியம் கதவை அடைத்துவிடக் கூடியவை. டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த லிஸ்டை அக்கா நாலு நகல் எடுத்து, ஒன்றைத் தெருமுனை மெடிக்கல் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.