உம்மாவின் டொக்டர்

"மிருகங்களோட கதைக்கிற ஒரு டொக்டர். கடற்கொள்ளையர் துரத்துவாங்க. பேருதான் ஞாபகம் வருதில்ல" என்பார் உம்மா. எண்பதுகளில், பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவோடு ரூபவாஹினியில் பார்த்த கார்ட்டூனாம்.

வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் சிங்கள ஆசிரியையிடம் கேட்டேன். "தொஸ்தர ஹொந்த ஹித!" என்று சிரித்தார். 'நல்ல மனமுள்ள டொக்டர்' என்று பொருள். 1970இல் அமெரிக்காவில் தொடங்கி, 17 பாகங்களோடு நின்றுபோன 'டொக்டர் டூலிட்டில்'. அதைச் சிங்களமாக்கியவர் டைட்டஸ் தொட்டவத்த.

பெயரைச் சொன்னதும் உம்மாவின் கண்கள் கலங்கின. "அப்ப எனக்குச் சிங்களம் தெரியாது. ஒவ்வொரு சொல்லா அந்த அக்காதான் சொல்லித் தந்தா."

வீடு மாறியபின் இருவரும் சந்திக்கவேயில்லை. இந்த விடுமுறையில் உம்மாவை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போகப் போகிறேன்.