மதுரைக் குன்றுகளின் நடைவழிகள்

வைகைக்கரைச் சமவெளியில் அமைந்த மதுரையை மேற்கே நாகமலையும் சமணமலையும், தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடகிழக்கே யானைமலையும், வடக்கே அழகர்மலையும் சூழ்ந்து நிற்கின்றன. கோயிலையும் நாயக்கர் மகாலையும் கண்டு திரும்பும் பயணியர் இக்குன்றுகளைப் பேருந்தின் சன்னல் வழியே மட்டுமே பார்க்கின்றனர் என்றாலும், இவ்வூரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் இப்பாறைகளில்தான் உள்ளன. அவற்றைக் கால்நடையாகச் சென்றே காண இயலும்.

இக்குன்றுகள் பலவற்றின் இயற்கையான குகைத்தளங்களில் சமணத் துறவியர் தங்கினர். பாறைத் தரையைச் சமப்படுத்தித் தலைப்பக்கம் சற்றே உயரமாகச் செதுக்கிய இடம் கற்படுக்கை எனவும், மழைநீர் உள்ளே வழியாதவாறு மேற்பாறையின் விளிம்பில் வெட்டிய வரிப்பள்ளம் காடி எனவும், அவற்றைச் செய்துகொடுத்தோர் பெயரைப் பொறித்த பழைய எழுத்து தமிழ்ப் பிராமி அல்லது தமிழி எனவும் வழங்கப்படும். ஊர் மக்களோ பெரும்பாலான இடங்களில் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே சொல்வர். வழி கேட்பவர் அப்பெயரால் கேட்பதே பயன் தரும்.

முதல்முறை செல்வோருக்கு ஏற்றது கீழக்குயில்குடிச் சமணமலை. தாமரைக் குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோயிலும் அமைந்த அடிவாரத்திலிருந்து, பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளம் என்னும் சுனைக்கு ஏறுகின்றன. சுனைக்கு மேலுள்ள பாறைச் சரிவில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி முதலியோரின் புடைப்புச் சிற்பங்கள், அதாவது பின்புறப் பாறையோடு ஒட்டியிருக்க முன்புறம் மட்டும் எழுந்து நிற்கும் உருவங்கள், வரிசையாக உள்ளன. கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் காணப்படுகின்றன. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இக்கல்வெட்டுகளில் குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப்பள்ளியின் மாணாக்கர் குறிக்கப்படுவதால், இம்மலை தனித்த தவக்குகையாக இல்லாமல் கல்வி நிலையங்களோடு தொடர்புற்று இருந்தது தெளிவாகிறது. மலையின் மறுபுறம் செட்டிப்புடவு என்னும் குகை உள்ளது. வாயிலருகே அமர்ந்த பெரிய தீர்த்தங்கரர் (சமணச் சமய குரு) சிற்பத்தை ஊரார் செட்டியார் எனக் கொண்டனர். உள்ளே, சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைமேல் வரும் பகைவனோடு பொரும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம், அளவில் சிறிதேயாயினும், இம்மலையின் சிற்பங்களிலெல்லாம் உயிர்ப்பு மிக்கது. அதைப் பாராமல் திரும்புவோர் பாதி மலையையே கண்டவராவர்.

ஒத்தக்கடையை அடுத்த யானைமலை, படுத்த யானையைப் போன்ற தோற்றத்தால் தொலைவிலேயே அடையாளம் தெரிவது. அதன் அடியில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-இல் குடைவித்தார்; அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை முடித்தார்.

மேலூர்ப் பக்கத்து மாங்குளம் ஏறுவதற்குக் கடினமானது. ஆனால் வரலாற்றுச் சிறப்பில் அதற்கு இணையான குன்று இவ்வட்டாரத்தில் இல்லை. 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில், சங்கப் பாடல்களால் அறியப்பட்ட நெடுஞ்செழியன் என்னும் பாண்டியர் பெயர் இடம்பெற்றுள்ளது.

அதற்கு அண்மையிலுள்ள அரிட்டாபட்டியில் கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் ஒரு குகையில் இருக்க, அதே மலையின் இன்னொரு பக்கத்தில் 8-ஆம் நூற்றாண்டுச் சிவன் குடைவரை அமைந்துள்ளது. பாசுபதம் என்னும் சைவ நெறியை வகுத்தவராகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் அங்குள்ளது; தமிழகத்தில் இத்தகைய சிற்பம் அரிது. பாறைச் சுனைகளும் ஏரிகளும் நிறைந்த இவ்வூரில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன; அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்று மிகுந்த நிலப்பகுதி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இருந்தும், இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமத் தொகுதி 2024-இல் ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார ஊர்களின் தொடர் போராட்டத்துக்குப் பின்னரே, 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. கிரானைட்டுக்காகப் பல குன்றுகள் வெட்டப்பட்ட மேலூர் வட்டாரத்தில், அறிவிப்புப் பலகையைவிட ஊராரின் விழிப்பே உறுதியான காவல் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இத்தகைய இடங்களுக்கு மக்களை அழைத்துச் சென்று, தொல்லியல் அறிஞர்களைக் கொண்டு விளக்கும் பணியைப் பசுமை நடை அமைப்பு 2010 முதல் செய்துவருகிறது.

இம்மலைகளுக்கு மார்கழி, தை, மாசி மாதங்களே உகந்தவை. சித்திரையில் முற்பகலிலேயே பாறை கால் பொறுக்காத அளவுக்குச் சூடேறிவிடும். சாய்ந்து விழும் காலை வெயிலில் எழுத்துகளின் வெட்டுகள் நிழல் பெற்றுத் தெளிவதால், விடிந்தவுடன் ஏறுவது நன்று. குடிநீர் கொண்டுசெல்ல வேண்டும். ஈராயிரம் ஆண்டு எழுத்துக்கு அருகே தம் பெயரையும் கீறிவைக்க விரும்புவோர் அடிவாரத்து ஆலமர நிழலிலேயே இருந்துவிடுவது நல்லது.