லிஃப்ட் இருந்த ஹோட்டல்

அப்பாவின் வேனில் நான் படுக்கை போட்டு முடித்தபோது, அம்மா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னொரு ஆள் குறுக்க படுக்கலாமே" என்றார். அப்பா எதுவும் சொல்லவில்லை. பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருபது வருடங்களுக்குமேல் அந்த வேனும் அதற்கு முன்பிருந்த வேனும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. விடியற்காலை நாலரைக்கு எழுந்து கூலாய், செனாய் பக்கமெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போவார். தொழிலை விட்ட பிறகும் வண்டியை விற்க மனம் வரவில்லை. கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார்.

எனக்கு யூடியூபில் ஆர்வி வீடியோக்கள் பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. அமெரிக்காவில் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. காட்டிலும் பாலைவனத்திலும் அவர்கள் ராஜாக்கள். பெரிய நகரம் வந்தால்தான் திண்டாட்டம். நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வே சாலைகளில் பாலங்கள் தாழ்வானவை. உயரமான வண்டி போய் மாட்டிக்கொள்ளும். நகரத்துக்குள் நிறுத்த இடமும் கிடைக்காது. அதனால் அனுபவசாலிகள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: வண்டியை வெளியே நிறுத்து, ரயில் ஏறி உள்ளே போ.

2025 தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு அப்படிப் போகலாம் என்று திட்டம் போட்டேன். ஜேபியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். வழியில் ஓர் இரவு ஆர் அண்ட் ஆரில் தூக்கம். மறுநாள் வண்டியைச் சிரம்பானில் விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயில். புலாவ் செபாங்கில் புறப்படும் அந்த ரயில் சிரம்பான் வழியாக நேராக பத்துமலை அடிவாரத்திலேயே கொண்டுபோய் விடும். நியூயார்க்காரனுக்கே கிடைக்காத வசதி என்று அப்பாவிடம் பெருமையடித்தேன். "ம்" என்றார்.

யூடிஎம்மில் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டேன். இருக்கைகளைக் கழற்றினால் ஜேபிஜே அனுமதிக்கு அலைய வேண்டும். அதனால் இருக்கைகளின் மேலேயே உட்காரும்படி பலகைச் சட்டம் செய்தேன். இஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கக்கூடாது. புகையோடு கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால் நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. அப்படித் தூங்கி எழுந்திருக்காதவர்களின் செய்தியை நம் நாளிதழ்களிலேயே எத்தனையோ முறை படித்திருக்கிறோம். எனவே தனி பேட்டரி, இரண்டு சின்ன காற்றாடி, ஜன்னலுக்குக் கொசுவலை.

வெப்பத்துக்கும் கணக்குப் போட்டேன். தூங்கும் ஒரு பெரிய ஆளின் உடம்பு சுமார் 75 வாட் வெப்பம் வெளியிடும். மூன்று பேர் என்றால் 225 வாட். சமாளிக்கலாம். அப்போதுதான் ஒரு விளையாட்டாக, 2006இல் நாங்கள் போனபோது எவ்வளவு இருந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர், 750 வாட். முக்கால் இஸ்திரிப்பெட்டியைச் சூடேற்றி மூடிய தகரத்துக்குள் வைத்தது போல. காற்றாடி கிடையாது. எப்படித் தூங்கினோம்?

2006இல் எனக்கு ஒன்பது வயது. பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலையை அந்த ஜனவரியில்தான் திறந்திருந்தார்கள். அதைப் பார்க்கவே சொந்தத்தில் பத்துப் பேர் பழைய வேனில் கிளம்பினோம். அறை எடுக்கக் காசில்லை. இரண்டு இரவும் சாலையோரத்தில் வேனிலேயே. பெட்ரோல் நிலையத்தில் பல் விளக்கினோம். அம்மாவும் அத்தையும் புடவை மாற்ற, வேன் கதவைத் திறந்து வைத்து இன்னொரு புடவையைத் திரையாகப் பிடித்தார்கள். அதன் ஒரு முனையைப் பிடித்தவன் நான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். அந்தப் புடவைக்குள் நானும் ஒளிந்துகொள்ள முடியாதா என்றிருந்தது.

பள்ளி திறந்ததும் ஆசிரியர், 'நான் சென்ற பயணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். கோலாலம்பூரில் நாங்கள் ஹோட்டலில் தங்கியதாக எழுதினேன். லிஃப்ட் இருந்தது, ஜன்னலைத் திறந்தால் இரட்டைக் கோபுரம் தெரிந்தது என்றெல்லாம். ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பல வருடங்கள் கழித்து 'நோமேட்லேண்ட்' படம் பார்த்தபோது அந்தக் கட்டுரை ஞாபகத்துக்கு வந்தது. ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த படம். நெவாடாவில் எம்பயர் என்று ஓர் ஊர். ஜிப்சம் பலகை செய்யும் கம்பெனியின் ஊர். 2011இல் ஆலையை மூடியதும் ஊரும் காலியானது. கம்பெனி போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. அப்பா பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் இருக்கின்றன. ஆக, வண்டியில் தூங்குகிறவர்களில் இரண்டு சாதி உண்டு: வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள், வீடு விட்டுவிட்டுப் போனவர்கள். நான் பார்த்த யூடியூப்காரர்கள் முதல் சாதி. 2006இல் நாங்கள் யார் என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஞாயிறு மாலை கூலாய் டோலில் ஏறினோம். மச்சாப்பில் தேத்தண்ணீர், பாகோவில் கழிப்பறை, ஆயர் குரோவில் சாப்பாடு. சிரம்பான் ஆர் அண்ட் ஆரில் நிறுத்தியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மஞ்சள் உடுப்புக்காரர்கள் நிறைய. பஸ்களிலும் வேன்களிலும் பாயிலுமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எவரும் எவரையும் ஒருமாதிரி பார்க்கவில்லை.

என் கணக்கு தப்பு. உடம்பின் வெப்பத்தைச் சேர்த்தேனே தவிர, பகலெல்லாம் வெயில் குடித்த கூரையையும் தாரையும், காற்றின் ஈரத்தையும் சேர்க்கவில்லை. வியர்வை காயாமல் அப்படியே நின்றது. அம்மா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். இரண்டரைக்கு விழித்தேன். பக்கத்தில் அப்பா இல்லை.

வெளியே, வேனின் பின்சக்கரத்தில் சாய்ந்து அட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ப்பா, தூங்கலையா?"

"உள்ள வேகுது. நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

'பாத்துக்கறேன்' என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குப் பழைய கணக்கு விளங்கியது. "அப்ப 2006லயும்?"

"பத்துப் பேர் எப்படிய்யா படுக்கறது? உங்கள எல்லாம் உள்ள படுக்க வெச்சு ஜன்னலத் தொறந்து வெச்சா, யாராவது வெளிய காவல் இருக்கணும்ல. ரெண்டு ராத்திரியும் இப்படித்தான்."

ஒன்பது பேர், 675 வாட். அவர் வெளியே இருந்து குறைத்தது 75 வாட். தூங்காத அந்த மனிதர்தான் மறுநாள் எங்களை வைத்து வண்டியோட்டி வந்தார் என்பது அதன்பிறகே உறைத்தது.

நான் ஏதோ சமாதானம் சொல்ல நினைத்து, அமெரிக்காவில் இதையே பெரிய அனுபவமாக, லட்சம் லட்சமாகச் செலவழித்துச் செய்கிறார்கள் என்றேன்.

"காசு இருந்தா நான் ரூம் எடுத்திருப்பேன்" என்றார் அப்பா. "அதுல என்னய்யா அழகு இருக்கு? நீ கஷ்டப்பட்டு பலகை அடிச்ச, வேணாம்னு சொல்ல வாய் வரல."

கொஞ்ச நேரம் லாரிகள் போகும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர், முன்னால் பார்த்தபடியே, "எட்டாவது மாடின்னு எழுதியிருந்த" என்றார்.

"என்னது?"

"கட்டுரைல. ரூம் நம்பர்கூட போட்டிருந்த. கையெழுத்து வாங்க நோட்ட நீட்டுனியே, படிக்காமலா போடுவேன்?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். திட்டவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "நல்லாத்தான் எழுதியிருந்த" என்று மட்டும் சொன்னார். பத்தொன்பது வருடங்களாக அந்த ஹோட்டலை அவரும் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மறைத்த வெட்கத்துக்கு அடியில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு, நான் முதலில் செய்த வேலை சிரம்பானில் அறை தேடியதுதான். நாலாவது இடத்தில் கிடைத்தது, 110 வெள்ளி. அம்மாவும் அப்பாவும் பகலெல்லாம் நன்றாகத் தூங்கினார்கள். அன்றிரவு கொமுட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு பத்துமலைக்குப் போனோம். 272 படிகளையும் அப்பா நின்று நின்று ஏறினார். இறங்கி, விடியற்காலை ரயிலில் சிரம்பானுக்குத் திரும்பினோம். வேன் நிறுத்திய இடத்திலேயே இருந்தது. அதைக் கடந்து ஹோட்டலுக்குள் போனோம்.

மூன்று மாடிக் கட்டடம். எங்கள் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பாதிப்படியில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்க நின்ற அப்பா, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதையும் எங்கயாச்சும் எழுதுவ. லிஃப்ட் இருந்துச்சுன்னு எழுதிடாத."